கதை முடிந்த பிறகு எந்த மலை? கேம்களின் கடைசிச் சவால்கள் நான்கு: ஓர் ஒப்பீடு

பூண்டி அடிவாரத்தில் வெள்ளியங்கிரி ஆண்டவர் கோயில் இருக்கிறது. வண்டியில் போய் இறங்கி, கும்பிட்டு, திருநீறு பூசிக்கொண்டு பொழுது சாய்வதற்குள் கோவை திரும்பிவிடலாம். சாமியைப் பார்க்கவில்லை என்று யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனாலும் கோடை வந்துவிட்டால் மூங்கில் கம்பை ஊன்றிக்கொண்டு ஏழு மலையையும் ஏறியே தீருவேன் என்று புறப்படுகிறவர்கள் எத்தனை பேர்! ஆறாவது மலையில் ஆண்டி சுனையின் பனிக்கட்டித் தண்ணீரில் முங்கி எழுந்துவிட்டு, நடுங்கிக்கொண்டே ஏழாவதைப் பார்த்து நடக்கிறார்கள். திரும்பி வந்து ஒரு வாரம் படியிறங்க முடியாமல் கிடப்பார்கள். அடுத்த ஆண்டும் போவார்கள்.

கேம் ஆடுகிறவர்களிலும் இப்படி ஒரு சாதி உண்டு. கதை முடிந்தது, வில்லன் செத்தான், பெயர்ப் பட்டியலும் ஓடிவிட்டது. அதற்குப் பிறகுதான் அவர்களுக்கு ஆட்டமே தொடங்குகிறது. இது புதிய நோய் இல்லை. 1986-இல் ஜப்பானில் வெளிவந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் இரண்டாம் பாகத்தில், ஆட்டத்தை எட்டு முறை முடித்தவர்களுக்கு மட்டுமே ஏ முதல் டி வரையிலான மறைவு உலகங்கள் திறக்கும். ஒரு முறை முடிப்பதே பெரும்பாடு என்ற ஆட்டத்தில் எட்டு முறை!

சென்ற மாதம் ஒரே வாரத்தில் இரண்டு பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவன் கோபியில் இருக்கும் என் சித்தி மகன். கல்லூரித் தேர்வு முடிந்து இரண்டு மாதம் சும்மா இருக்கிறான். இன்னொருவர் திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கும் நண்பர். ஏற்றுமதிக் கெடு, மூன்று வயதுக் குழந்தை எல்லாம் போக இரவில் ஒரு மணி நேரம்தான் அவருக்குச் சொந்தம். "கதையை முடித்துவிட்டேன். கடைசிச் சவால் என்று நான்கைந்து சொல்கிறார்கள். எதைத் தொடலாம்?" என்றார்கள். இருவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது என்பதால்தான் இந்த ஒப்பீடு.

## முதலில் அளவுகோல்

எல்லோரும் கேட்பது "எது ரொம்பக் கஷ்டம்?" என்று. அதை வைத்துக்கொண்டு எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. நான்குமே கஷ்டம்தான்.

பல்லடம் பக்கம் எங்கள் வீட்டை ஒட்டியே தறிக்கூடம். பாவில் ஓர் இழை அறுந்தால் அப்பா தறியை நிறுத்துவார். அறுந்த முனையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுவார், விழுதிலும் அச்சிலும் கோத்துவிட்டுத் தறியை ஓட்டுவார். நெய்த துணி நெய்ததாகவே இருக்கும். ஒரு நாளைக்கு எத்தனை இழை அறுந்தாலும் அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. அறுந்த ஒவ்வொரு முறையும் பாவை முழுதாக உருவிவிட்டு முதலிலிருந்து நெய்ய வேண்டும் என்றிருந்தால், என்றைக்கோ தறியை விற்றுவிட்டு வேறு வேலைக்குப் போயிருப்பார்.

நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: ஒரு தவறு செய்தால் எவ்வளவு தூரம் பின்னால் போக வேண்டும்? விழுந்த இடத்துக்கும் மறுபடி எழுந்து நிற்கிற இடத்துக்கும் உள்ள தூரம்தான் ஒரு சவாலின் உண்மையான குணம். மற்றவை அதற்குப் பின்னால் வரட்டும்: வளர வேண்டியது உங்கள் கையா, ஆட்டத்துக்குள் இருக்கும் பாத்திரமா, கடினமான பகுதியை மட்டும் தனியாகப் பழக வழி இருக்கிறதா, பெட்டியின் மேல் எழுதாத செலவு என்ன, முடித்தால் கையில் என்ன மிஞ்சும்.

| | ஹாலோ நைட்: ஐந்தாம் பாந்தியன் | செலஸ்ட்: சி-பக்கங்கள், ஃபேர்வெல் | ஃபைனல் ஃபேன்டஸி 10: பெனன்ஸ் | மாரியோ ஒடிசி: டார்க்கர் சைட் |
|---|---|---|---|---|
| தவறினால் | முதல் பாஸிடம், அதாவது முதல் பெரிய எதிரியிடம், திரும்ப வேண்டும் | அதே அறையின் வாசல் | கடைசியாகச் சேமித்த இடம் | கட்டத்தின் தொடக்கம் |
| வளர வேண்டியது | கையும் நெஞ்சும் | கை | பாத்திரம் | கை, கொஞ்சம் |
| ஒரே மூச்சில் தேவைப்படும் நேரம் | முக்கால் மணிக்கு மேல் | ஐந்து நிமிடம் கிடைத்தாலும் போதும் | எவ்வளவும் | கால் மணி |
| தனிப் பயிற்சி | நல்ல வசதி உண்டு | ஆட்டமே பயிற்சிதான் | தேவையில்லை | கிட்டத்தட்ட இல்லை |
| எழுதாத செலவு | மின்தடை, அலுப்பு | தூக்கம், கட்டைவிரல் | நூறு மணி நேரம் | கருவி |

## ஹாலோ நைட்: ஐந்தாம் பாந்தியன்

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருக்கும் டீம் செர்ரி என்ற மிகச் சிறிய குழு 2017-இல் வெளியிட்ட ஆட்டம் இது. 2018 ஆகஸ்டில் இலவசமாகச் சேர்த்த காட்மாஸ்டர் பகுதியில்தான் இந்த ஐந்தாம் பாந்தியன் வருகிறது. முதல் நான்கு பாந்தியன்களையும் முடித்தால்தான் கதவு திறக்கும். உள்ளே 42 பாஸ்கள் வரிசையாக நிற்கிறார்கள். நடுவில் உட்கார்ந்து உயிரை நிரப்பிக்கொள்ளச் சில இடங்கள் உண்டு. செத்தால் மட்டும் முதல் ஆளிடம் திரும்ப வேண்டும். நாற்பத்தொன்றை முடித்துவிட்டுக் கடைசி ஆளான ஆப்சலூட் ரேடியன்ஸிடம் செத்தாலும் கணக்கு அதேதான்.

பாவை முழுதாக உருவிவிடுகிற வகை என்று சொன்னேனே, அது இதுதான்.

அப்படியிருந்தும் இதன் மேல் ஏன் பித்துப் பிடிக்கிறது? கதை ஓடும்போது ஒரு பாஸை இருபது முறை மோதி, ஒருவழியாக விழுத்திவிட்டு, "அப்பாடா" என்று தாண்டிப் போய்விடுகிறோம். அவனை உண்மையில் புரிந்துகொண்டோமா, அதிர்ஷ்டத்தில் தப்பினோமா என்று நமக்கே தெரியாது. பாந்தியன் அந்தப் பழைய கடன்களை எல்லாம் மொத்தமாக வசூலிக்க வருகிறது. மூன்றாவது வாரத்தில் ஒரு நாள், முன்பு என்னை இரண்டு இரவு தூங்கவிடாத ஒருவனை ஓர் அடிகூட வாங்காமல் முடித்துவிட்டு, அடுத்தவனைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். முடித்தது எப்போது என்றே நினைவில்லை. அந்த இடத்தில்தான் எனக்கு இந்தச் சவாலின் ருசி பிடிபட்டது. ஆட்டம் எனக்கு எதையும் தரவில்லை. என் கத்தி பெரிதாகவில்லை, உயிர் கூடவில்லை. மாறியது நான் மட்டும்.

இனி எழுதாத செலவுகள். முதலாவது, அலுப்பு. கடைசிப் பத்துப் பேரிடம் பழகுவதற்காக முதல் முப்பது பேரை ஒவ்வொரு முறையும் கடந்தாக வேண்டும். ஆரம்பத்தில் வரும் சோப்ளாங்கிகளிடம்தான் நான் அதிகம் செத்திருக்கிறேன். கவனம் அங்கே தூங்கிவிடுகிறது. இதற்கு மருந்து ஆட்டத்திலேயே இருக்கிறது: ஹால் ஆஃப் காட்ஸ் என்ற மண்டபத்தில் ஒவ்வொரு பாஸுக்கும் ஒரு சிலை உண்டு. சிலையின் முன் நின்று, வேண்டியவனை மட்டும் வேண்டிய அளவு மோதிப் பழகலாம். பாந்தியனுக்குள் போவதற்கு முன் இரண்டு வாரம் இந்த மண்டபத்திலேயே கிடப்பதுதான் புத்தி. ஆனால் கடைசி ஆளை முதல்முறை பார்க்க மட்டும் அத்தனை பேரையும் தாண்டித்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது, மின்சாரம். ஓர் இரவு முப்பத்தைந்து பேரைத் தாண்டிவிட்டேன், உயிரும் நிறைய மிச்சம். தறிகள் எல்லாம் ஒரே நொடியில் நின்றன. தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு அந்தத் திடீர் அமைதியைப் போலப் பயங்கரம் வேறில்லை. கணினித் திரையும் கறுத்துவிட்டது. அப்பா வெளியே வந்து வானத்தைப் பார்த்து, "காற்று அடிக்கிறது, இப்போதைக்கு வராது" என்றார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மேசைக் கணினியில் யூ.பி.எஸ். இல்லாமல் இந்தச் சவாலைத் தொடவே தொடாதீர்கள்.

முடித்தால் வேறொரு முடிவுக் காட்சி கிடைக்கும். இரண்டு மாதம் ஓய்வாக இருப்பவர்களுக்கும், இடையில் யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரம் தினமும் கிடைப்பவர்களுக்கும் இதுதான் பொருத்தம். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இது சித்திரவதை.

இதே ஆட்டத்தில் பாத் ஆஃப் பெயின் என்ற இன்னொன்றும் உண்டு. ரம்பப் பற்களுக்கும் முட்களுக்கும் நடுவே தாவிக்கொண்டே போவது. விழுந்தால் ஓர் உயிர் குறையும், கடைசியாகக் கால் ஊன்றிய மேடைக்குத் திரும்பலாம். உயிரைத் தானாக ஊறவைக்கும் ஹைவ்பிளட் தாயத்தை மாட்டிக்கொண்டால் பொறுமைசாலிகள் யாரும் முடிக்கலாம். பாந்தியனுக்கு அஞ்சுகிறவர்கள் இங்கே தொடங்கட்டும்.

## செலஸ்ட்: சி-பக்கங்களும் ஃபேர்வெல்லும்

மடலின் என்ற பெண் ஒரு மலை ஏறுகிறாள். 2018 ஜனவரியில் வந்த இந்த ஆட்டத்தின் கதை அவ்வளவுதான். முடித்த பிறகு, ஒலிநாடாக்களைத் தேடி எடுத்துத் திறக்கும் பி-பக்கங்கள் எட்டு; அதே அத்தியாயங்களின் கடினமான வடிவங்கள். அவற்றை முடித்தால் சி-பக்கங்கள் எட்டு. 2019 செப்டம்பரில் இலவசமாக வந்த ஃபேர்வெல் என்ற ஒன்பதாம் அத்தியாயம் தனி. அதில் மட்டும் நூற்றுக்கு மேல் அறைகள்.

இங்கே செத்தால் கண் இமைப்பதற்குள் அதே அறையின் வாசலில் நிற்கிறீர்கள். பின்னணி இசைகூட நிற்பதில்லை. இழை அறுந்த இடத்திலேயே முடிச்சு. அதனால்தான் கை விரல்களுக்கு இதைவிடக் கொடிய சோதனைகளை வைத்தாலும் மனம் கசப்பதில்லை. செத்த எண்ணிக்கையை மறைக்காமல் காட்டி, அதற்காகப் பெருமைப்படு என்று ஆட்டமே ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புகிறது. நான் ஃபேர்வெல்லை முடித்தபோது என் கணக்கு நாலாயிரத்தைத் தாண்டியிருந்தது. நாலாயிரம் தோல்வி! ஒன்றுகூட நெஞ்சில் தங்கவில்லை.

எங்கள் ஊரில் இப்போது மறுபடி வள்ளி கும்மி பிடித்துக்கொண்டிருக்கிறது. மாலையானால் கோயில் மைதானத்தில் ஆசிரியர் ஒரே அடவைத் திரும்பத் திரும்ப ஆடவைப்பார். தப்பினால் அந்த அடவை மட்டும் மறுபடி. யாரையும் முதல் பாட்டிலிருந்து ஆடச் சொல்வதில்லை. அரங்கேற்றத்தன்று பார்த்தால் சின்னப் பிள்ளைகளும் பாட்டிமாரும் மணிக்கணக்கில் தப்பாமல் சுற்றி வருகிறார்கள். செலஸ்ட் கற்றுக்கொடுப்பதும் இந்த முறையில்தான். ஃபேர்வெல்லில் அலைத்தாவல் என்ற நுட்பத்தைச் சொல்லிக்கொடுக்க, அலுவலகக் கூட்டத்தில் காட்டுவதுபோலப் படவில்லைகளைப் போட்டு ஒரு வகுப்பே நடத்துகிறார்கள். அந்தக் கடைசி நீண்ட அறை மட்டும் விதிவிலக்கு. அங்கே தூரம் கூடும், உள்ளங்கை வியர்க்கும்.

இந்த ஆட்டத்தில் இன்னொரு பொருளும் இருக்கிறது. தங்க ஸ்ட்ராபெரி. ஓர் அத்தியாயத்தைத் தொடக்கம் முதல் இறுதி வரை ஒரு முறைகூடச் சாகாமல் கடந்தால் கிடைப்பது. அதே அறைகள்தான், நன்றாகப் பழகிய அதே தாவல்கள்தான். சாவுக்கு விலை ஏறிவிட்டது என்பதைத் தவிர எதுவும் மாறவில்லை. ஆனால் அந்தப் பழத்தை எடுத்துக்கொண்டு ஓடும்போது, கண்ணை மூடிக்கொண்டு தாண்டிய முதல் அத்தியாயமே நடுங்க வைக்கிறது. தவறின் விலையை முதல் அளவுகோலாக வைத்தது ஏன் என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன்.

செலவு? தூக்கம். "இன்னும் ஒரே ஒரு தடவை" என்பது இரண்டு நொடி வேலையாக இருப்பதால், அந்த ஒரே ஒன்று இரவு இரண்டு மணிக்கும் முடியாது. பழைய கன்ட்ரோலரின் அம்புப் பொத்தான்களும் கட்டைவிரல் தோலும் தேயும். முடியாதவர்களுக்கு உதவி முறை உண்டு. வேகத்தைப் பாதிவரை குறைக்கலாம், சாகாமலே போகலாம். இதைப் பயன்படுத்துவது கேவலம் என்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. கம்பு ஊன்றி ஏறினவன் மலை ஏறவில்லை என்று யாராவது சொல்வார்களா?

## ஃபைனல் ஃபேன்டஸி 10: இருண்ட ஏயான்களும் பெனன்ஸும்

2001-இல் வந்த ஆட்டம். அதன் பன்னாட்டுப் பதிப்பிலும் பின்னால் வந்த மெருகேற்றிய பதிப்பிலும், கதைக்குச் சம்பந்தமில்லாத இருண்ட ஏயான்கள் என்ற பெரும் எதிரிகள் உலகமெங்கும் காத்து நிற்கின்றன. எல்லாவற்றையும் வீழ்த்தினால் பெனன்ஸ் வரும். அதன் உயிர் 1 கோடியே 20 லட்சம். உங்கள் ஓர் அடி அதிகபட்சம் 99,999. ஒன்றும் பிசகாமல் அடித்தாலும் 121 அடி வேண்டும். அந்த அளவு அடிக்கும் வலிமை வரவழைப்பதற்குத்தான் மாதங்கள்.

இது கையால் ஜெயிக்கும் வகை இல்லை, உழைத்துச் சேர்க்கும் வகை. பிராணிகளைப் பிடிப்பது, உருண்டைகளைத் திரட்டுவது, ஒவ்வொருவரின் பலத்தையும் 255 வரை ஏற்றுவது என்று ஓடும். நடுவில், லுலு என்ற பாத்திரத்தின் ஆயுதத்துக்காக இடிச் சமவெளியில் தொடர்ந்து 200 மின்னல்களைத் தவிர்க்கச் சொல்வார்கள். ஒன்று பட்டாலும் எண்ணிக்கை பூஜ்யம். நான் 163-இல் தும்மினேன்.

உண்மையைச் சொன்னால், எனக்கு இது கூலியில்லாத இரவு ஷிப்ட் போலத்தான் பட்டது. தொண்ணூறு மணி நேரம் போட்டேன். பெனன்ஸ் விழுந்தபோது வந்தது நிம்மதி, மகிழ்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் கரூரில் இருக்கும் அக்காவுக்கு மணிக்கட்டு வலி, வேகமான ஆட்டம் எதுவும் ஆகாது. அவர் இதைப் பாட்டுக் கேட்டுக்கொண்டே, மாமாவோடு பேசிக்கொண்டே, ஸ்வெட்டர் பின்னுவது போல ஆறு மாதம் ஆடினார். நாளைக்கு இவ்வளவு ஏறியது என்று எண்ணிப் பார்ப்பதில் அவருக்குக் கிடைத்த இன்பம் எனக்குப் பாந்தியனில் கிடைத்ததற்குக் குறைந்ததாகத் தெரியவில்லை. கணினிப் பதிப்பில் வேகத்தை நான்கு மடங்கு கூட்டும் வசதியும் உண்டு.

இன்னொன்று. நாம் துணைக்கு அழைக்கும் யோஜிம்போ என்ற ஏயானுக்குக் காசை அள்ளிக் கொடுத்தால், மனம் இருந்தால் ஒரே வெட்டில் யாரையும் சாய்த்துவிடுவான், பெனன்ஸ் உட்பட. ஆள் வைத்து அறுவடை செய்கிற மாதிரி. அக்கா அதைத் தொடவில்லை. நான் இருண்ட ஏயான்கள் இரண்டுக்கு அவனைக் கூப்பிட்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

## சூப்பர் மாரியோ ஒடிசி: டார்க்கர் சைட்

2017 அக்டோபரில் வந்தது. 500 நிலாக்கள் சேர்த்தால் திறக்கும் கடைசிக் கட்டம். கதையை முடிக்க 124 போதும் என்பதால் மீதியைத் தேடி அலைவதே பெரும் பகுதி. ஆனால் அந்த அலைச்சல் சுகமானது, திருவிழாக் கடைவீதியில் சுற்றுவதுபோல. கட்டம் நீளமானது, நடுவில் செக்பாயிண்ட் கிடையாது. ஆட்டம் முழுக்கக் கற்ற வித்தைகளை ஒருமுறை வரிசையாகக் கேட்கும். மற்ற மூன்றோடு வைத்துப் பார்த்தால் இதுதான் எளிது. இரண்டு மூன்று இரவில் முடிந்துவிடும். உதவி முறையில் பள்ளத்தில் விழுந்தாலும் குமிழிக்குள் வைத்து மேலே கொண்டுவந்து விடும். பிள்ளைகளோடு கன்ட்ரோலரை மாற்றி மாற்றிப் பிடித்து ஆட இதற்கு இணை இல்லை.

செலவு முழுவதும் கருவியில். இதற்கு நின்டெண்டோ ஸ்விட்ச் வேண்டும். நம் ஊர்க் கடைகளில் அது வெளிநாட்டிலிருந்து வந்த சரக்காகத்தான் நெடுங்காலமாகக் கிடைக்கிறது. உத்தரவாதத்தை நம்ப முடியாது. கன்ட்ரோலரின் குச்சி தானாக நகரத் தொடங்கினால் பழுது பார்க்கிறவரைத் தேடி அலைய வேண்டும். இந்த ஒரு சவாலுக்காக வாங்காதீர்கள். வீட்டில் ஏற்கனவே இருந்தால் தயங்காதீர்கள்.

## ஐந்தாவது வழி: போதும் என்று வைத்துவிடுவது

இதையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஹாலோ நைட்டின் மண்டபத்தில் ரேடியன்ட் என்ற நிலை உண்டு. ஓர் அடி பட்டால் சாவு. எல்லாச் சிலைகளையும் அந்த நிலையில் முடிக்கத் தொடங்கிப் பாதியில் விட்டேன். எரிச்சலில் விடவில்லை, ஒரு நாள் கணினியைத் திறக்கும்போது, ஆட வேண்டுமே என்ற கடமைதான் இருந்தது, ஆசை இல்லை. யாரும் கேட்காத ஒன்றைச் செய்வதில்தான் இதன் ருசியெல்லாம் இருக்கிறது. அது கடமையாக மாறிவிட்டால் பூண்டியிலேயே கும்பிட்டுவிட்டுத் திரும்பலாம்.

## அவரவருக்கு

திருப்பூர் நண்பருக்கு செலஸ்ட்டைச் சொன்னேன். பி-பக்கங்களில் தொடங்கட்டும், தங்கப் பழத்தின் பக்கம் போக வேண்டாம். குழந்தை அழுதால் அப்படியே வைத்துவிட்டு எழலாம். திரும்பி வந்தால் அதே அறை. சி-பக்கங்கள் பெரும்பாலும் மூன்றே அறைகள்தான், ஒன்றுக்கு ஒரு வாரம் என்று வைத்துக்கொண்டாலும் அவருக்குச் சரியாக இருக்கும். பத்து நாள் கழித்துப் பேசியபோது, "கம்பெனியில் சாம்பிள் திரும்பி வந்தால்கூட இப்போது முன்னைப்போல எரிச்சல் வருவதில்லைங்க" என்றார். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று எனக்குத் தெரியாது, அவர் நம்புகிறார்.

கோபித் தம்பிக்கு ஐந்தாம் பாந்தியன். முதல் இரண்டு வாரம் மண்டபம் மட்டும், பிறகு வாரத்துக்கு நான்கு ஓட்டத்துக்கு மேல் கிடையாது, சாப்பிட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும் என்றேன். "சரிங்கண்ணா, இன்றைக்கே உள்ளே போய்ப் பார்த்துவிடுகிறேன்" என்றான், நான் சொன்னதில் ஒன்றையும் கேட்காதவனாக. ஏழாவது ஆளிடம் செத்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டான். எந்த பாஸ், எந்தத் தாயத்து என்று விசாரிக்கவில்லை. யூ.பி.எஸ். வாங்கியாயிற்றா என்று மட்டும் கேட்டேன். சித்தப்பாவிடம் பேச்சு நடக்கிறதாம்.